சிறிய இழைய ஆய்வுகூடமும் சாயமூட்டுங் கருவிகளும்

(பழைய மாணவன் ஒருவன்)

நம் கல்லூரியன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இந்நாளிலே, மலருக்கு ஒரு கட்டுரை தருகவென மலர்க்குழுவினர் பணித்தபோது எதனை எழுதுவதென நெடுநேரம் சிந்தித்தேன். பழைய நாட்களின் இனிய நினைவுகளை எழுதுதற்கு என்னினும் மூத்தோர் பலர் உளர். யானோ முப்பதாண்டுகளுக்கு மேலாக நோயியல் ஆய்வுகூடங்களிலே கண்ணாடி வழுக்கிகளோடும் சாயச் சாடிகளோடும் காலங் கழித்தவன். ஆதலின் அத்தொழிலிற் கற்ற ஒரு பாடத்தையே இங்கு எழுதத் துணிந்தேன். விஞ்ஞானம் பயிலும் இளைய மாணவர்க்கு இது பயன்படும். கடல் கடந்து வாழ்ந்தும், "ஊர் வைத்தியசாலைக்கு என்ன கருவி வாங்கித் தரலாம்?" என்று அன்போடு வினவும் பழைய மாணவர்க்கும் இது பயன்படும். அவ்வினாவுக்கு ஒருமுறை யான் தவறான விடை சொன்னேன். அதனையும் மறைக்காது கூறுவேன்.

சாயம் எதற்கு?

நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த சிறு இழையத் துண்டை முதலிற் போமலினில் இட்டுப் பதப்படுத்துவர். பின் அதன் நீரை அகற்றி, உருகிய பாரபின் மெழுகை ஊட்டி, மெழுகுக் கட்டியாக்கி, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு அல்லது ஐந்து பங்கு தடிப்புள்ள சீவல்களாகச் சீவி, வழுக்கியிலே ஒட்டுவர். அச்சீவலை அப்படியே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் காணத்தக்கது யாதுமில்லை. கலமும் கருவும் நிறமற்றனவாய் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். சாயம் ஏறிய பின்னரே கரு நீலமாகவும், அதனைச் சூழ்ந்த குழியவுருவும் நார்களும் செந்நிறச் சாயல்களாகவும் பிரிந்து நிற்கும். புற்றுநோயா அன்றா என்னும் தீர்ப்பு பெரும்பாலும் கருவின் அளவையும் வடிவையும் நிறச்செறிவையும் பார்த்தே கூறப்படுவது. எனவே சாயம் பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கக்கூடும்.

நீலத்தைத் தருவது ஈமற்றொட்சிலின். மெக்சிக்கோவின் கம்பெச்சே பகுதிக்குரிய ஒரு மரத்தின் வைரத்திலிருந்து இது பெறப்படுகின்றது. 1865 இலே பேமர் என்பார் இதனைப் படிகாரத்தோடு சேர்த்துப் பயன்படுத்திக் கருவுக்கு நிலையான நிறமேற்றும் வழியைக் காட்டினார். செந்நிறம் தருவது இயோசின் என்னும் செயற்கைச் சாயம். இவ்விரண்டையும் ஒருங்கு சேர்த்து 1876 இலே விசோற்சுக்கி கையாண்டார். இன்றும் உலகெங்கும் நாள்தோறும் வழங்குவது அம்முறையே.

படிகாரம் எதற்கு என மாணவர் கேட்கலாம். யாழ்ப்பாணத்தார்க்கு அது புதிய செய்தியன்று. ஒல்லாந்தர் காலத்திலே நம் குடாநாட்டிலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டியெடுக்கப்பட்டது. அவ்வேரின் செந்நிறம் கொண்டு துணிகளுக்குச் சாயந் தோய்க்கப்பட்டது. அவ்வேரின் சாயம் வெறுந்துணியிற் பற்றாது. படிகாரம் இடையே நின்று துணியையும் சாயத்தையும் பிணைத்தது. ஈமற்றொட்சிலினும் அவ்வாறே. படிகாரத்திலுள்ள அலுமினியமே சாயத்தைக் கருவோடு பிணைக்கின்றது. சாயக்காரர் துணியிற் செய்ததை நாம் கண்ணாடியிற் செய்கின்றோம்.

பதினெட்டுச் சாடிகள்

கருவி தெரிவதற்கு முன் வேலையின் ஒழுங்கை அறிதல் வேண்டும். மெழுகை நீக்கச் சைலீன் மூன்று சாடி, சாடியொன்றில் மூன்று நிமிடம். சைலீனை நீக்க அற்ககோல் மூன்று சாடி, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். பின் நீர், இரண்டு நிமிடம். ஈமற்றொட்சிலின் எட்டு நிமிடம். மீண்டும் நீர், இரண்டு நிமிடம். மிகைச் சாயத்தைக் களைய அமிலங் கலந்த அற்ககோலிலே சில விநாடி. நீலம் தெளிவதற்குக் காரத்தன்மையுள்ள நீரில் ஐந்து நிமிடம். ஒரு கழுவல். இயோசின் இரண்டு நிமிடம். நீரகற்ற அற்ககோல் மூன்று சாடி, ஒவ்வொரு நிமிடம். தெளிவாக்கச் சைலீன் இரண்டு சாடி, மும்மூன்று நிமிடம். ஈற்றில் பிசினிட்டு மூடித்துண்டால் மூடுதல்.

கூட்டிப் பார்த்தால் மருந்துச் சாடிகள் பதினான்கு, நீர்ச் சாடிகள் நான்கு, ஆகப் பதினெட்டு. நேரம் ஏறத்தாழ 45 நிமிடம். கைவினையாயினும் இயந்திரமாயினும் இவ்வொழுங்கு மாறாது. இயந்திரம் செய்வது வழுக்கித் தட்டைத் தூக்கி அடுத்த சாடியில் வைப்பது ஒன்றே. இதனை மனத்திற் கொண்டால் விலைப்பட்டியலைக் கண்டு மயங்க மாட்டோம்.

மூவகைக் கருவிகள்

முதலாவது, அமெரிக்க வைத்தியர் கொப்பிளின் பெயரால் வழங்கும் சிறு சாடி. உட்புறம் பள்ளங்கள் வெட்டிய கண்ணாடிச் சாடி இது. ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் கொள்ளும். ஐந்து வழுக்கிகளை, அல்லது முதுகோடு முதுகு சேர்த்துப் பத்தினை நிறுத்தலாம். பதினான்கு சாடிகளுக்கும் சேர்த்து 700 மில்லிலீற்றர் மருந்து போதும். நாளுக்குப் பத்து வழுக்கி மட்டும் செய்யும் இடத்துக்கும், அருமையாகச் செய்யப்படும் விசேட சாயங்களுக்கும் இதனினும் சிறந்தது இல்லை.

இரண்டாவது, நீள்சதுரக் கண்ணாடித் தொட்டியும் பிடியுள்ள வழுக்கித் தட்டும். இருபது வழுக்கி கொள்ளும் தட்டுக்குத் தொட்டியொன்றில் 250 மில்லிலீற்றர் என வைத்துக்கொண்டால் மருந்து மூன்றரை இலீற்றர் ஆகும். ஒரு தட்டு முன்னேறிச் செல்லச் செல்ல அடுத்ததைப் பின்னே இடலாம். பழகிய ஒருவர் ஒரு முற்பகலில் மூன்று தட்டுகளை, அஃதாவது அறுபது வழுக்கிகளை, அவசரமின்றி முடிப்பதை யான் பலகாலும் கண்டிருக்கின்றேன்.

மூன்றாவது, தானியங்கும் இயந்திரம். இதிலே தொட்டியொன்றுக்கு 400 மில்லிலீற்றர் என வைத்தாலும் பதினான்குக்கு 5.6 இலீற்றர் மருந்து வேண்டும். ஐந்து வழுக்கிக்கும் அவ்வளவே, ஐம்பதுக்கும் அவ்வளவே. வேலை குறைந்த நாட்களிலும் அற்ககோலும் சைலீனும் ஆவியாகிப் போகும். நாளொன்றுக்கு நூறு வழுக்கிக்கு மேல் வரும் பெரிய வைத்தியசாலைக்கு இயந்திரம் உற்ற துணை என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே நேரக் கணக்கைக் கடைப்பிடிப்பதால் நிறமும் ஒரே சீராய் அமையும். ஆனால் நாளுக்கு முப்பது வழுக்கி செய்யும் ஆய்வுகூடத்துக்கு அது சிறு தோட்டத்தை உழ உழவு இயந்திரம் வாங்கியது போலாகும்.

யான் செய்த தவறு

இனி என் தவற்றைக் கூறுவேன். யான் முன்னர்ப் பணியாற்றிய ஓரிடத்திலே நல்லோர் சிலர் பணந் திரட்டி, சாயமூட்டுங் கருவி வாங்க விரும்பினர். என் கருத்தைக் கேட்டனர். புதுமையில் ஆசை கொண்ட யான் தானியங்கும் இயந்திரத்தையே பரிந்துரைத்துக் கையொப்பமிட்டேன். இயந்திரம் வந்த மகிழ்ச்சியிலே பழைய கண்ணாடித் தொட்டிகளைப் பலருக்கும் பகிர்ந்தளித்தோம். எட்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் மின்னழுத்தம் ஏறியிறங்கியதில் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை எரிந்தது. மாற்றுப் பலகை கொழும்பிலும் இல்லை, வெளிநாட்டிலிருந்தே வரவேண்டுமென்றனர். வழுக்கிகளை வேறிடங்களுக்கு அனுப்பினோம். அங்கும் வேலை மலிந்து கிடந்தது.

அக்காலத்திலே தீவுப்பகுதியிலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தார். வெற்றிலை போடும் பழக்கமுடையவர். கன்னத்தின் உட்புறத்தே ஆறாத புண். வெட்டியெடுத்த துண்டு எம்மிடம் மெழுகுக் கட்டியாகவே கிடந்தது. அவர் மூன்று முறை படகேறி வந்து, "தம்பி, என்ரை முடிவு வந்திட்டுதோ?" என்று கேட்டார். மூன்று முறையும் இல்லையென்றே சொன்னேன். மூன்றாம் முறை அவர் போன பின், பாடசாலை ஆய்வுகூடமொன்றில் இரவலாகப் பெற்ற சில சாடிகளையும் ஊறுகாய்ப் போத்தல்களையும் வரிசையாக வைத்து, அவருடைய வழுக்கியை என் கையாலேயே சாயமூட்டினேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நோய் இன்னதென அன்று மாலையே வைத்தியர் கூறினார். முக்கால் மணி நேர வேலைக்காக அவ்வம்மையாரை ஒன்பது வாரம் காக்க வைத்திருந்தோம். புண் அதற்குள் வளர்ந்துவிட்டது. சாடிகள் பழுதாவதில்லை என்பதை அன்று கற்றேன். அதனைக் கற்றதற்குரிய விலையை வேறொருவர் கொடுத்தார்.

நம் நாட்டு நிலைமை

கருவியைத் தெரியும்போது அது நிற்கப்போகும் இடத்தை நினைத்தல் வேண்டும். 1990 இன் பின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்ததை நம்மிற் பலர் அனுபவித்தோம். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியிலே பகலொளியை வாங்கிப் பார்த்த காலம் அது. 2022 இலே நாடெங்கும் பல மணி நேர மின்வெட்டும், இறக்குமதிப் பொருட்களுக்குத் தட்டுப்பாடும் நேர்ந்தன. இத்தகைய நாட்டிலே மின்னின்றியும் நடக்கக்கூடிய ஒழுங்கு ஒன்றை எவ்விடத்தும் வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.

அடுத்தது நீர். நம் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீரிலே சுண்ணாம்புச் சத்து மிகுதி. கேத்திலின் அடியிற் படியும் வெண்பொருக்கே சான்று. சமையற்கட்டிலே குறையாகத் தோன்றும் இக்குணம் நமக்கு ஒருவகையில் நன்மை செய்கின்றது. ஈமற்றொட்சிலினிலிருந்து எடுத்த கரு முதலில் செவ்வூதாவாயிருக்கும்; காரத்தன்மையுள்ள நீர் பட்டதும் நீலமாய்த் தெளியும். நம் கிணற்று நீர் அவ்வேலையைத் தானே செய்துவிடும். மாரியிலே மழைநீர்த் தொட்டியைப் பயன்படுத்தும் ஆய்வுகூடங்களில் மட்டும் நீலம் தெளியாது மங்கும். அங்கு ஒரு இலீற்றர் நீரிலே அப்பச்சோடா எனப்படும் சோடியமிருகாபனேற்று மூன்றரைக் கிராமும் மகனீசியஞ் சல்பேற்று இருபது கிராமும் கரைத்துப் பயன்படுத்துக. வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஆயின் அதே நீர் இயோசினுக்குப் பகை. இயோசின் சற்று அமிலத்தன்மையிலேயே நன்கு பற்றும். கார நீரிலே நீண்ட நேரம் கழுவினால் செந்நிறம் கரைந்தோடும். இயோசின் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு அசற்றிக்கமிலம் அரை மில்லிலீற்றர் சேர்ப்பதும், இயோசினின் பின் நேரே அற்ககோலுக்குச் செல்வதும் இதற்குப் பரிகாரம். சாயக் கரைசல்களை ஆக்குதற்கு வடித்த நீரையே கொள்க. வழுக்கி கிணற்று நீரோடு உலர்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிகள் படிந்து, நுணுக்குக்காட்டியிற் பார்ப்பவரை மயக்கும்.

மூன்றாவது வெப்பம். சைலீனின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ். நம் ஊரின் நண்பகல் அதனை எளிதிற் கடக்கும். அற்ககோலின் நிலை அதனினும் தாழ்ந்தது. ஆதலின் சாடிகளுக்கு நன்கு பொருந்தும் மூடி இன்றியமையாதது. மூடி ஆவியாவதைத் தடுத்துச் செலவையும் குறைக்கும். சைலீன் ஆவி காற்றினும் பாரமானது; நிலத்தோடு தாழ்ந்து பரவும். காற்றை வெளியேற்றும் விசிறியை மேசை மட்டத்தில் அமைப்பதே பயன் தரும். அவ்வறையில் மதுசார விளக்கு எரிதலாகாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

சாடியும் தொட்டியும் கண்ணாடியாயிருத்தல் நன்று. கடையில் விற்கும் மலிவான ஒளிபுகும் பிளாத்திக்குப் பெட்டிகளிற் பல சைலீனிற் கரைந்து ஒட்டும். ஐயமுண்டாயின் ஒரு துண்டை வெட்டி, ஒரு நாள் முழுதும் சைலீனில் ஊறவிட்டுப் பார்த்த பின்னரே வாங்குக.

வழுக்கித் தட்டைத் துருப்பிடியா உருக்குக் கம்பியால் ஊர்ப் பட்டறையிலேயே வளைத்துச் செய்விக்கலாம். வெறும் இரும்புக் கம்பி ஆகாது. இரும்பு ஈமற்றொட்சிலினோடு சேர்ந்து கருநிறமாகிச் சாயத்தையே கெடுக்கும். வழுக்கிகளுக்கிடையே திரவம் தாராளமாகச் செல்ல இடைவெளி வேண்டும். தட்டு தொட்டியின் அடியைத் தொடாது சற்று உயர்ந்து நிற்றல் வேண்டும். பிடி திரவ மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும்.

வாங்குமுன் தமக்குத் தாமே ஐந்து வினாக்கள் விடுக்க. நாளொன்றுக்கு எத்தனை வழுக்கி? மாதமொன்றுக்கு எத்தனை இலீற்றர் அற்ககோலும் சைலீனும் கிடைக்கும்? மின்சாரம் நின்றால் வேலை நடக்குமா? பழுதானால் திருத்துவோர் எங்குளர், எத்தனை நாளில் வருவர்? இதிலே இடும் சாயத்தை எவரிடமும் வாங்கலாமா, அன்றி விற்றவரிடமே வாங்க வேண்டுமா? ஐந்தாம் வினாவைப் பலர் மறப்பர். விற்றவரின் சாயத்தையே கேட்கும் இயந்திரம் இலவசமாய்க் கிடைத்தாலும் மலிவன்று.

சாயத்தையும் நாமே ஆக்கலாம். மேயர் என்பாரின் முறைப்படி ஒரு இலீற்றருக்கு வேண்டிய ஈமற்றொட்சிலின் ஒரு கிராமே. அதனோடு படிகாரம் 50 கிராம், சோடியமயடேற்று 0.2 கிராம், சிறிது சித்திரிக்கமிலம், கெடாது காக்கும் பொருள் ஆகியன சேரும். அயடேற்று உடனே ஒட்சியேற்றுவதால் வாரக்கணக்கில் வெயிலில் வைத்து முதிர்விக்க வேண்டியதில்லை. இம்முறையில் மிகைச் சாயம் ஏறாமையால் அமில அற்ககோற் சாடியையும் விட்டுவிடலாம். புதிதாகப் பழகுவோர் பிழை செய்யும் படி அதுவே. அது நீங்குவது பெரும் நன்மை.

சிக்கனஞ் செய்யத் தகாதவை

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. நாள்தோறும் முதல் தட்டிலே முன்னரே நன்கறிந்த இழையம் ஒன்றின் வழுக்கியைச் சேர்த்துச் சாயமூட்டுதல் வேண்டும். அது சரியாயின் மற்றவற்றையும் நம்பலாம். ஈமற்றொட்சிலினை ஒவ்வொரு காலையிலும் வடிகட்டுதல் வேண்டும். சைலீனும் அற்ககோலும் பழையனவானால் முதற் சாடியை மட்டும் ஒதுக்கி, மற்றவற்றை ஒரு படி முன்னே நகர்த்தி, கடைசியிற் புதியதை ஊற்றுக. மருந்தில் மிச்சம் பிடிப்பது இவ்வாறேயன்றி, மங்கிய மருந்தைப் பின்னும் பயன்படுத்துவதாலன்று.

ஒதுக்கிய சைலீனை நிலத்தில் ஊற்றுதல் பெருந் தீங்கு. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே அது நேரே கிணற்று நீரிற் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கிலே 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை யாவரும் அறிவர். நோயறிய முயலும் நாமே ஊர்க்கிணற்றைக் கெடுத்தல் தகுமோ? மூடியிட்ட பாத்திரத்திற் சேர்த்து, முறைப்படி அழிப்போரிடம் ஒப்புவித்தலே கடன்.

முடிவுரை

சிறிய வசதியிற் பெரிய வேலை செய்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1847 இலே யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியங் கற்பித்தார். கிறே என்பாரின் உடலமைப்பு நூல் 1872 இலே தமிழில் வெளிவந்தது. 1978 இலே யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தோன்றியது. 2011 இலே தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை பல்லினத்தாரும் நடந்து திரட்டிய நிதி தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவியது. இவற்றிலெல்லாம் கருவியினும் முந்தி நின்றது கற்ற கை.

ஆகவே கடல் கடந்து வாழும் அன்பர்க்கு யான் இன்று கூறும் விடை இது. இருபது வழுக்கித் தட்டுகள் நான்கு, மூடியுள்ள கண்ணாடித் தொட்டிகள் பதினெட்டு, உடைந்தால் மாற்ற ஆறு, கொப்பிளின் சாடிகள் பன்னிரண்டு, ஒரு நல்ல தராசு, ஒரு நிமிடமணி, காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று. எஞ்சும் பணத்தை, தொழில் பயிலும் இளைஞர் ஒருவரின் கல்விக்குக் கொடுங்கள். வேலை பெருகி நூறு வழுக்கியைக் கடக்கும் நாளில் இயந்திரம் வாங்கலாம். அன்றும் அத்தொட்டிகளைக் கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்திருங்கள், எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இளைய மாணவர்க்கு ஒரு சொல். நுணுக்குக்காட்டியின் கீழ் வரும் ஒவ்வொரு வழுக்கிக்கும் பின்னே, படகேறி வந்து வாசலிற் காத்திருக்கும் ஒருவர் உளர். அதனை மறவாதிருப்பின், எக்கருவி வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தானே தோன்றும்.